மக்காச்சோளம் சென்றது, சுண்ணாம்பு செல்லவில்லை



உணவைப் பற்றிப் பேசுவது அறவுரைக்கு ஏற்றதாகுமோ என்று ஐயுறுவோர் உளராயின், அவர்கள் நம் நாட்டின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். சாதி என்னும் நோய் நூல்களில் மட்டும் வாழவில்லை. எவர் சமைத்ததை எவர் உண்ணலாம், எவர் கையிலிருந்து எவர் தண்ணீர் வாங்கலாம் என்னும் கட்டுப்பாடுகளிலேதான் அது நாள்தோறும் உயிர் பெற்றது. ஆதலின், சாதியைத் துறந்து மும்மணிகளைச் சரணடைந்த நமக்கு உண்கலமும் தம்மத்தைச் சோதிக்கும் இடமேயாகும். இன்று பெங்களூர் நகரத்திலுள்ள ஒருவகை உணவுக் கடையை முன்னிட்டு இதனைச் சிந்திப்போம்.

இந்திரா நகர், கோரமங்கலம் முதலிய பகுதிகளிலே மெக்சிகோ நாட்டு உணவுகளை விற்கும் கடைகள் இப்பொழுது உள்ளன. 2012ஆம் ஆண்டில் பெங்களூரிலேயே தொடங்கப்பெற்ற ‘கலிபோர்னியா பரிட்டோ’ என்னும் நிறுவனம் பல கிளைகளை உடையதாய் வளர்ந்துள்ளது. பொட்டலம் கட்டித் தருவதையே பெரும்பாலும் தொழிலாகக் கொண்ட சிறு கடைகளும் உண்டு. அங்கே கிடைக்கும் உணவுகளுள் ஒன்று ‘டாக்கோ’. ‘டார்ட்டிலா’ என்னும் மெல்லிய ரொட்டியின் நடுவே வெந்த பயறோ இறைச்சியோ வைத்து, அதன்மேல் தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றை இட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மடித்துத் தருகின்றனர். அந்த ரொட்டி மெக்சிகோவிலே தொன்றுதொட்டு மக்காச்சோளத்தினால் செய்யப்படுவது.

பெயர் அயலது எனினும் பொருள்கள் நமக்கு அயல் அல்ல. மக்காச்சோளமும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்தவையே. மிளகாயைப் போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தனர். மிளகைப் போல் உறைப்பது கண்டு நம் முன்னோர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டுத் தம் உணவாக்கிக்கொண்டனர். இன்று அதனை அயலாரது என்று ஒதுக்குவார் எவருமில்லை.

இத்தகைய கடையின் முன்னே நிற்கும் வரிசையை நோக்குங்கள். கன்னடர், தமிழர், வடநாட்டார், மாணவர், கணினித் தொழிலாளர் யாவரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கின்றனர். உள்ளே ரொட்டியைச் சுடும் கை எந்தக் குலத்தது என்று வினவுவார் எவருமில்லை. பணம் செலுத்தி, பொட்டலத்தை வாங்கி, வழியிலேயே பிரித்து உண்டு செல்கின்றனர்.

இந்நிலை தானாக விளைந்ததன்று. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மகாடு நகரத்துக் குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காகவே பாபாசாகேப் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் நடந்து செல்ல நேர்ந்தது. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி காரணமாக எவரையும் தடுத்தல் ஆகாது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதனைத் தண்டனைக்குரியதாக்கிற்று. அதற்குப் பின்னரும், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி, 1957ஆம் ஆண்டில் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இத்தனை பேருடைய உழைப்பின் பயனாகவே இன்று அந்த வரிசையில் எவரும் கேள்வியின்றி நிற்க முடிகின்றது.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. ஒரே கடையில் வாங்கி உண்பதனாலேயே சாதி ஒழிந்துவிடுமா? இதற்கு விடையை அந்த ரொட்டிக்குரிய தானியத்தின் வரலாறே நமக்குக் கூறும்.

மக்காச்சோளத்தை மெக்சிகோ நாட்டு மக்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கினர். அவர்கள் அதனை அப்படியே அரைத்து உண்ணவில்லை. சுண்ணாம்பு கலந்த நீரிலே வேகவைத்து, இரவு முழுதும் ஊறவைத்து, கழுவி, பின்னரே அரைத்தனர். நாம் வெற்றிலையில் தடவுகின்றோமே, அதே சுண்ணாம்புதான் அது. அதனால் தோல் கழன்றது; மாவு ஒட்டிப் பிசைய வந்தது. இவற்றினும் மேலாக, அத்தானியத்துள்ளே கட்டுண்டு கிடந்த நியாசின் என்னும் சத்து விடுபட்டு உடலிற் சேர்ந்தது.

பின்னர் ஐரோப்பியர் வந்தனர். மக்காச்சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். தானியம் சென்றது, சுண்ணாம்பு செல்லவில்லை. அதனையே நாள்தோறும் உண்டு வாழ்ந்த ஏழை மக்களைப் ‘பெலாக்ரா’ என்னும் கொடிய நோய் பற்றிற்று. தோல் கறுத்து வெடித்தது, வயிறு கெட்டது, அறிவு கலங்கிற்று, பலர் மாண்டனர். 1735ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் காசால் இந்நோயைக் கண்டு விவரித்தார். இத்தாலியிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலும் அது பரவிற்று. இது தொற்று நோயன்று, உணவின் குறையே என்று மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். குறைந்த சத்து நியாசின் என்பது 1937ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. வயிறு நிறைந்திருந்தும் உடல் வாடியது ஏன்? பொருளை மட்டும் கொண்டு, அதனைப் பயன்படுத்தும் முறையை விட்டமையால் அன்றோ!

சோதரர்களே, சமபந்தியும் இத்தன்மையதே. கடையிலே கூடி உண்பது தானியம். அதனைச் சத்துள்ளதாக்கும் சுண்ணாம்பு மைத்திரி. கடைக்காரர் நம் குலத்தைக் கேளாதிருப்பது அன்பினால் என்று சொல்ல இயலாது. கொடுக்கும் காசுக்குக் குலமில்லை என்பதனாலும் இருக்கலாம். சட்டமும் காசும் கேள்வியை வாயிலிருந்து நீக்கின. உள்ளத்திலிருந்து நீக்க அவற்றால் இயலவில்லை.

சான்று வேண்டுமா? முன்பின் அறியாத கை மடித்துக் கொடுத்ததை உவந்து உண்டவரே, வீடு திரும்பியதும் பாத்திரம் துலக்கும் அம்மைக்குத் தனிக் குவளை எடுத்து வைக்கின்றார். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் என்ன உண்பீர் என்று வினவிக் குலத்தை அறிய முயல்கின்றார். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சொமேட்டோ என்னும் உணவு விநியோக நிறுவனம் சைவ உணவுக்கெனத் தனிப் பணியாளரை அமைத்து அவர்களுக்குப் பச்சை உடை தருவதாக அறிவித்தது. மற்றைப் பணியாளர் உடையின் நிறத்தாலேயே வாயிலில் தடுக்கப்படலாம் என்னும் அச்சம் எழுந்ததும், மறுநாளே அவ்வுடை வேற்றுமையைக் கைவிட்டது. பொட்டலத்துக்குள் இருக்கும் உணவு, அதனைச் சுமந்து வருபவன்மீதும் தீட்டாகப் படியும் என்னும் எண்ணம் இந்நாட்டிலே இன்னும் மடியவில்லை.

பிறரைக் குறை கூறுவதோடு நாம் நிறைவு கொள்ளலாகாது. மும்மணிகளைச் சரணடைந்த நம் இல்லங்களிலே, திருமணப் பேச்சு எழும்போது “அவர்கள் எந்த வகையினர்?” என்று தாழ்ந்த குரலில் கேட்கும் வழக்கம் இல்லையா? வைசாகப் பௌர்ணமியன்று விருந்திலே அமர்வோர் ஒரு கூட்டமும், எச்சில் இலை எடுப்போர் வேறொரு கூட்டமுமாக அமைவது இல்லையா? கடையிலே கேளாத கேள்வியை இல்லத்திலே கேட்பின், நாமும் சுண்ணாம்பின்றிச் சோளம் உண்டவரே ஆவோம். பெயர் மாறியிருக்கும், நோய் மாறியிராது.

பகவான் புத்தர் இதற்கு இரண்டு வழிகளைக் காட்டினார். ஒன்று, பிட்சை ஏற்கும் முறை. செல்வர் வீட்டைத் தேடாமலும் எளியோர் வீட்டைத் தவிர்க்காமலும், வரிசையாக ஒவ்வொரு வாயிலிலும் நிற்பதையே அவர் போற்றினார். அந்தண குலத்திற் பிறந்த மகாகாசியபர் ஒருமுறை தொழுநோயாளன் ஒருவனிடம் உணவு ஏற்றார். அவன் இடும்போது அவனுடைய அழுகிய விரலொன்றும் அற்றுக் கலத்தில் வீழ்ந்தது. தேரர் சுவரோரம் அமர்ந்து அருவருப்பின்றி அவ்வுணவை உண்டார் என்று தேரகாதை கூறுகின்றது.

இரண்டாவது, இதனினும் ஆழமானது. பாவா நகரிலே சுந்தன் என்னும் கொல்லன் படைத்த உணவே ததாகதர் ஏற்ற இறுதி உணவு. அதன்பின் கடுநோய் அவரைப் பற்றிற்று. அவ்வேதனையிடையிலும் அவர் எண்ணியது சமைத்தவனைப் பற்றியே. சுந்தன்மீது எவரும் பழி கூறலாகாது, அவன் மனம் வருந்தலாகாது என்று கருதி, ஞானம் பெறுமுன் உண்ட உணவும் இறுதியில் உண்ட உணவும் ஒத்த புண்ணியம் உடையவை என அவனிடம் சொல்லுமாறு ஆனந்தரைப் பணித்தார். எவர் கை என்று கேளாமல் வாங்குவது முதற்படி. கொடுத்த கைக்கு உரியவரின் மனத்தை எண்ணுவது அடுத்த படி. முதற்படியைக் கடை நமக்குக் கற்றுத்தரலாம். அடுத்த படியைத் தம்மமே கற்றுத்தரும்.

ஆகவே, இனிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு கணம் நின்று சிந்தியுங்கள். இச்சோளத்தை முதலில் பயிராக்கியவர் யார்? அடுப்பின் வெப்பத்திலே நிற்பவர் யார்? 2001ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடி வருவோர் நம் மக்கள் அல்லரோ! மாடிப்படி ஏறி உணவு கொண்டுவரும் இளைஞருக்கு, நீங்கள் பருகும் குவளையிலேயே தண்ணீர் கொடுங்கள். “தம்பி, நீ சாப்பிட்டாயா?” என்று ஒரு சொல் கேளுங்கள். அடுத்த பௌர்ணமி விருந்திலே சமைத்தவரை முதற்பந்தியில் அமர்த்தி, நீங்கள் பரிமாறுங்கள். மணப்பேச்சிலே பழைய கேள்வி எழுமாயின், அதனை அங்கேயே நிறுத்துங்கள்.

உணவு நமக்கு எங்கிருந்தும் வரும். அதனோடு சேர்க்க வேண்டிய மைத்திரியை நாமே சேர்த்தல் வேண்டும்.

எல்லா உயிர்களுக்கும் நலம் உண்டாகுக!