ஊரார் பாஸ்வேர்டு

இந்த வாரத்துக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். வழக்கமாகப் பிரிண்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய், "நான் அனுப்பின ஆதாரை அழிச்சிட்டியாப்பா?" என்று கேளுங்கள். அழிக்கவில்லை என்றால் அழிக்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். டெலீட் செய்தது ரீசைக்கிள் பின்னுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், அதையும் காலி செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைகளில் நடப்பதைத்தான் சொல்கிறேன். பேரையூரிலும் திருமங்கலத்திலும் இதே கதைதான். சுவரில் கடையின் வாட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும். நாம் ஆதாரையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் அந்த நம்பருக்கு அனுப்புகிறோம். கடைத் தம்பி கம்ப்யூட்டரில் இறக்கி, பிரிண்ட் போட்டு, கையில் கொடுக்கிறார். காசைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். தாள் நம்மோடு வந்துவிடுகிறது. ஃபைல் அங்கேயே தங்கிவிடுகிறது.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். தெரிந்தவர்கள் கடையிலோ வீட்டிலோ மெஷின் மக்கர் செய்தால் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். அப்படிப் போன ஒரு கடையில், இடம் நிரம்பிப்போன டிஸ்க்கில் எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். தண்டட்டி போட்ட அப்பத்தா ஒருவரின் ஆதார். அதற்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்று, நிலத்துப் பட்டா, குழந்தையின் பிறப்புச் சான்று, யாரோ ஒருவரின் மருத்துவமனை ஸ்கேன் ரிப்போர்ட். மவுஸை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. பாதி முகங்கள் எனக்குத் தெரிந்த முகங்கள். பல குடும்பங்களின் சங்கதி முழுவதும், கதவில்லாத அறையில் கிடப்பதுபோல, அந்த ஒற்றை ஃபோல்டரில் கிடந்தது.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. அழிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான். "தெரிஞ்ச பையன்தானே" என்று எல்லாரும் சொல்கிறோம். அவரைப் பற்றிய நம்பிக்கையில் பிழையே இல்லை. ஆனால் அவர் டீ குடிக்கப் போகும்போது அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? கண்ட பென்டிரைவும் அந்த மெஷினில் ஏறி இறங்குகிறது. இன்றைக்கும் விண்டோஸ் 7 ஓடுகிற கடைகள் உண்டு. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. போதாததற்குக் காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய கிராக் சாஃப்ட்வேர். அதற்குள் எது ஒளிந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் கடையை மூடும் நாளில் அந்த ஹார்ட் டிஸ்க் பழைய சாமானோடு சாமானாக மதுரைக்குப் போகும். அப்பத்தாவும் கூடவே போவார்.

ஒருவருடைய ஆதார் நகலும் போட்டோவும் திருடன் கையில் சிக்கினால் அவர் பேரில் சிம் வாங்கப் பார்ப்பான், ஆன்லைன் கடனுக்கு மனுப் போடப் பார்ப்பான். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இன்றே பாருங்கள். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் முழுவதுமாக அழித்துவிடுங்கள் என்று. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிவிப்பு போகட்டும், அதில் இருந்த புத்தியை நாம் வைத்துக்கொள்வோம். முதல் 8 எண்களை மறைத்து, கடைசி 4 எண்களை மட்டும் காட்டும் ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அது போதும் என்கிற இடத்தில் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

கடை வைத்திருக்கும் தம்பிகளே, இனி உங்களிடம் பேசுகிறேன். நம் டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. 1940-ல் தொடங்கியது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளில் வந்து வாழ்ந்த இடம் அது. லண்டனில் கணக்காயர் படிப்புப் படித்தவர், கதராடைக்கு மாறியவர். 1934-ல் பீகாரில் பூகம்பம் வந்தபோது நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணாதான் என்று வரம்பு வைத்தார். காந்தியடிகளே தம் குழுவோடு பாட்னாவுக்கு வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார். காந்தி அந்தக் காசைத் தப்பாகச் செலவழித்துவிடுவார் என்று குமரப்பா நினைத்திருப்பாரா? கையில் இருப்பது வீடிழந்தவர்களின் காசு, அதில் தன் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை என்று நினைத்தார்.

உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருப்பதும் பிறர் பொருள்தான். அதே கண்டிப்பு அதற்கும் வேண்டும். பிரிண்ட் வெளியே வந்ததும் வாடிக்கையாளர் கண் முன்னால் ஃபைலை அழியுங்கள். கடையின் வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானாக அழியும்படி வைத்துவிடுங்கள். 24 மணி நேரம் என்று வைக்க அதில் வசதி இருக்கிறது. இறக்கிய ஃபைல் அதில் போகாது, அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும். விண்ணப்பம் போட வந்தவரின் பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்காதீர்கள். பிரவுசர் "சேவ் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள். பழைய மெஷின் புது விண்டோஸைத் தாங்காது என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். காசு கிடையாது, திருத்தங்கள் ஒழுங்காக வருகின்றன, தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால் என்னைப் போன்ற ஆர்வலர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம், கூப்பிட்டால் ஓடி வருவோம். கடையை விற்கும் நாள் வந்தால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் விற்காதீர்கள். அதைக் கழற்றி உடைத்துப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஓடிபி வந்துச்சாம்மா? சொல்லுங்க" என்று நீங்கள் கேட்க, போனை எட்டப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா ஆறு எண்ணையும் உரக்கச் சொல்கிறார். கடையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். இப்படி ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி, ஓடிபி என்பது கேட்டவருக்குச் சொல்ல வேண்டிய எண் என்று நாம்தான் அவரைப் பழக்கியிருக்கிறோம். நாளைக்கு பேங்க் மேனேஜர் என்று சொல்லி ஒருவன் போனில் கேட்கும்போது அந்த அம்மா தயங்குவாரா? கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் போனைக் காட்டச் சொல்லிப் பார்த்துப் போடுங்கள், "இத வேற யாருகிட்டயும் சொல்லிறாதீக" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கூட ஆகும். ஆகட்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். நம் பெற்றோரில் பாதிப் பேருடைய ஜிமெயில், போன் வாங்கிய கடையில் அந்தக் கடைப் பையன் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டு பெரியவர்களுக்குத் தெரியாது. மீட்பு நம்பராகப் பையனின் நம்பரே இருக்கும், அல்லது எப்போதோ ரீசார்ஜ் நின்றுபோன பழைய சிம் இருக்கும். அந்தப் பழைய நம்பரை லேசாக எண்ணிவிடாதீர்கள். மூன்று மாதம் பயன்படுத்தாமல் கிடந்தால் கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். துண்டித்து 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. அய்யாவின் பேங்க் கணக்கு அந்த நம்பரோடு இணைந்திருந்தால், ஓடிபி இனி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

கூகுளும் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத கணக்குகளை அழிக்கத் தொடங்கிவிட்டது. இறந்துபோன அப்பாவின் போட்டோக்கள் அவருடைய கணக்கில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய போன் பீரோவில் கிடக்கிறது, சார்ஜ் போட்டே வருடக்கணக்கு ஆகிறது என்றால், இன்று ராத்திரியே எடுத்துச் சார்ஜில் போடுங்கள். உள்ளே நுழைய முடிந்தால் போட்டோக்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு வீட்டில் இருக்கும் உறவினரிடம் ஒரு பிரதி என்று எடுத்து வையுங்கள். இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே, பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள். அம்மாவின் போனை வாங்கி எல்லாவற்றையும் நீங்களே செய்து முடித்து, பாஸ்வேர்டை உங்கள் போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். "எல்லாம் நீயே பாத்துக்கப்பா" என்று அம்மாவும் சொல்லத்தான் செய்வார். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாய் எடுக்க மகனின் போனுக்காகக் காத்திருக்கும் நிலைமையை நீங்கள்தான் உண்டாக்குகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவர் கையிலேயே வைத்து, அவர் விரலாலேயே அமுக்க வையுங்கள். நாலு தரம் தப்பாக அமுக்குவார். கோபப்படாமல் ஐந்தாம் தரமும் சொல்லிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தைத் திறந்து, எந்தக் கடை கம்ப்யூட்டரிலாவது அவர் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்புக்கு ஆறு எண் பின் ஒன்றை அவரையே போடச் சொல்லுங்கள். பிறந்த வருடம் வேண்டாம். மறந்துவிடுவார் என்றால் ஒரு தாளில் எழுதி அவருடைய டிரங்குப் பெட்டியில் வைக்கட்டும். ஏடிஎம் கார்டின் உறையில் எழுதி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை பெண்களின் கணக்குக்கே வருகிறது. அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு எத்தனை வீடுகளில் சட்டைப் பையில் இருக்கிறது? உங்கள் போனுக்குக் கைரேகைப் பூட்டு, மனைவியின் போன் மட்டும் திறந்து கிடக்க வேண்டும் என்றால் அது நியாயமே இல்லை. கார்டை அவர் கையில் கொடுங்கள். பின் நம்பரை அவரே மாற்றட்டும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கொடிய ஒன்று கல்லூரிப் பிள்ளைகளிடம் பரவுகிறது. "உன் அக்கவுண்டை மட்டும் குடு, கமிஷன் தர்றேன்" என்று வருகிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், பணம் வரும், போகும் என்கிறார்கள். வருகிற பணம் எங்கோ ஒரு வாத்தியாரின் பணிக்கொடை, யாரோ ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த காசு. திருடனுக்கு அது கைக்கு வர உன் அக்கவுண்டுதான் வழி. போலீஸ் முதலில் வந்து நிற்பதும் உன் வீட்டு வாசலில்தான், ஏனென்றால் பாஸ்புக்கில் இருப்பது உன் பேர். நண்பன் கேட்டாலும், மாமன் மச்சான் கேட்டாலும் கொடுக்காதே. ஏற்கனவே கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே பேங்க்குக்குப் போய்க் கணக்கை முடக்கு, வீட்டில் சொல். அடி விழும் என்று பயந்து மறைக்காதே.

விவசாயிகள் குழுக்களில் பி.எம். கிசான் என்ற பேரில், போனில் ஆப் ஏற்றும் ஏபிகே ஃபைல் வரும். கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டி அபராதம் என்றும் வரும். மக்காச்சோளத்துக்கு இன்சூரன்ஸ் வந்துவிட்டது என்றுகூட வரலாம். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்துவிட்டால் உங்கள் மெசேஜ் எல்லாம் வேறொருவன் படிப்பான். அரசாங்கம் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பாது. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறவன் திருடன். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை, பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். போனை வைத்துவிடுங்கள்.

அப்படியும் பணம் போய்விட்டால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் என்ன சொல்வார்களோ, ஊர் சிரிக்குமோ என்று ஒரு ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் கூப்பிடாதீர்கள். திருடன் அந்தப் பணத்தைக் கணக்கு கணக்காக மாற்றிக்கொண்டே இருப்பான். அது ஏதாவது ஒரு பேங்க்கில் நிற்கும்போதே தடுத்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்று கேட்பார்கள், பேங்க் மெசேஜைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பேங்க்குக்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்படி ஆனது என்று கேள்விப்பட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். நம்பரை நீங்களே அமுக்கி அவர் காதில் வையுங்கள்.