ஈரத்தோடு மூடாதே

ஓம் சரவணபவ.



தினமும் கந்த சஷ்டி கவசம் படிக்கிறவங்க நம்மில் நிறைய பேர். அவங்க எல்லாருக்குமான ஒரு கேள்வி இது. தப்பு நம்ம பக்கம் இருக்கும்போது, "முருகா, என்னைக் காப்பாத்து"ன்னு கேட்கலாமா? அப்படிக் கேட்டா அவன் எதைக் காப்பாத்துவான்?

இந்தக் கேள்வி எனக்குக் கோயில்ல வரல. ஒரு படகுக்கு உறை மாட்டும்போது வந்துச்சு.

வேலைக்காக நான் இருக்கிறது அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம். வண்டி நம்பர் பிளேட்டிலேயே "பத்தாயிரம் ஏரிகள்"னு போட்டிருப்பாங்க. நிறைய வீட்டு வாசல்ல, கார் பக்கத்துல, டிரெய்லர் மேல ஒரு படகு நிக்கும். கோடையில குடும்பத்தோட ஏரியில சுத்துறதுக்கும், பொழுதுபோக்கா தூண்டில் போடுறதுக்கும். ஏரி உறையறதுக்கு முன்னாடி படகைக் கரையேத்தி, அதோட அளவுக்குத் தைச்ச உறையைப் போட்டு மூடிடுவாங்க. அப்புறம் பனி உருகி வசந்தம் வந்தாத்தான் திறப்பாங்க.

நான் குடியிருக்கிற வீட்டோட ஓனருக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. போன ஐப்பசியில, சஷ்டி விரதத்தோட நாலாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், "கொஞ்சம் கை கொடுப்பா"ன்னு கூப்பிட்டார். விரதம்தான், ஆனா மனுஷர் தனியா கஷ்டப்படுறாரேன்னு போனேன்.

படகை அப்பத்தான் கழுவி முடிச்சிருந்தார். உள்ளே கார்பெட், சீட்டு எல்லாம் ஈரம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், குளிர் வேற. நான் உறையைப் பிரிச்சு முன்பக்கத்துல மாட்ட ஆரம்பிச்சேன். அவர் தடுத்தார்.

"ஈரம் காயாம மூடாதே."

"இது வாட்டர்ப்ரூஃப்தானே? மழை, பனி எதுவும் உள்ளே போகாதே"ன்னு கேட்டேன்.

"வெளியில இருக்கிற தண்ணி உள்ளே போகாது. உள்ளே இருக்கிற தண்ணியும் வெளியே போகாது"ன்னார்.

ஷெட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஒரு பழைய சீட்டைக் காட்டினார். மேல பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. புரட்டினா அடிப்பலகை கறுத்து, பூசணம் பிடிச்சு, விரல் வெச்சா உதிருது. "ஒரு வருஷம் அவசரத்துல அப்படியே மூடிட்டேன். உறை ஒரு இடத்துல கூட கிழியல. அதான் மாசக்கணக்கா திறந்தே பார்க்கல."

அன்னைக்கு மூடவே இல்லை. பின்பக்கம் அடியில ஒரு அடைப்பான் இருக்கும், அதைக் கழட்டி, படகோட முன்பக்கத்தை உயர்த்தி வெச்சோம், தேங்கின தண்ணி தானா வடியட்டும்னு. லைஃப் ஜாக்கெட்டை எல்லாம் வெளியே எடுத்துத் தொங்கவிட்டோம். ராத்திரி முழுக்க ஷெட்டுக்குள்ள ஃபேன் ஓடுச்சு.

எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஏன்னா நானும் ஒரு ஈரத்தை மூடி வெச்சிருந்தேன். மூணு வாரத்துக்கு முன்னாடி, ஆபீஸ்ல ஒரு சின்ன மாற்றத்தை டெஸ்ட் பண்ணாம, யாருக்கும் சொல்லாம, நேரா லைவ் சர்வர்ல போட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரி ஓடின ஜாப், கஸ்டமர் ஆர்டர்களை ரெண்டு ரெண்டு தடவை அனுப்பிடுச்சு. அதே ராத்திரி சென்னையில சப்போர்ட் ஷிஃப்ட்ல இருந்த ஒரு தம்பி அந்த ஜாபை ரீஸ்டார்ட் பண்ணியிருந்தான். எல்லாரும் அவன்தான் காரணம்னு முடிவு பண்ணிட்டாங்க. மீட்டிங்ல கேள்வி மேல கேள்வி. "இருக்கலாம் சார், சாரி"ன்னான். நான் மியூட்ல இருந்தேன்.

என் மாற்றம் பதிவான லாக் 30 நாள்ல தானா அழிஞ்சிடும். நான் நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன்.

இதுக்கு நடுவுலதான் சஷ்டி வந்துச்சு. விரதம் இருந்தேன், ஒரு நாளைக்கு 36 முறை கவசம் படிச்சேன். குறையே சொல்ல முடியாத விரதம். ஆனா ஒவ்வொரு தடவை படிச்சு முடிச்சதும் மனசுக்குள்ள நான் வெச்ச வேண்டுதல் ஒண்ணுதான்: "முருகா, இது வெளியே வந்துடக் கூடாது."

அந்த ராத்திரி உறைச்சது. நான் கேட்டது காப்பு இல்லை, மறைப்பு.

தேவராய சுவாமிகள் கவசத்தைப் பாடின விதத்தைக் கவனிச்சிருக்கீங்களா? பொத்தாம் பொதுவா "என்னைக் காக்க"ன்னு விட்டுடல. கண், காது, மூக்கு, நாக்குன்னு ஒவ்வொரு அங்கமா பேர் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் வேலைக் காவல் வைக்கிறார். அளவெடுத்துத் தைச்ச உறை மாதிரிதான். அதுல நாக்கும் இருக்கு. நாக்கை வேல் காக்கணும்னு தினமும் கேட்கிறோமே, எதுகிட்டேர்ந்து? புண்ணு வராமலா? இல்லை, பொய் வராமலா? பேச வேண்டிய இடத்துல பேசாம இருந்த நாக்கை வெச்சுக்கிட்டு அதே வரியை 36 தடவை சொல்லியிருக்கேன். நினைச்சா வெட்கமா இருந்துச்சு.

சூரபத்மனுக்கும் கவசம் இருந்துச்சு. தவம் இருந்து சிவபெருமான்கிட்டயே வாங்கின வரம். அதைவிடப் பெரிய காப்பு யாருக்கு இருக்கு? அது வெளிப்பகையைத் தடுத்துச்சு. உள்ளே இருந்த ஆணவத்தைத் தடுக்கல. கடைசியில அவன் கடல் நடுவுல மாமரமா மறைஞ்சு நின்னான். வேல் முதல்ல பிளந்தது அந்த மறைப்பைத்தான். பிளந்ததும் தூக்கி எறிஞ்சானா நம்ம ஆள்? ஒரு பாதியை மயிலாக்கித் தனக்கு வாகனமா வெச்சுக்கிட்டான், இன்னொரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில வெச்சுக்கிட்டான். மறைப்பு போனா அழிஞ்சுடுவோம்னு நாம பயப்படுறோம். முருகன்கிட்ட கதை அப்படி முடியல.

ஞாயித்துக்கிழமை ராத்திரி, அங்கே திங்கட்கிழமை காலை, அந்தத் தம்பிக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "மூணு வாரமா நான்தான் தப்பு பண்ணினேன்னு நானே நம்பிட்டேன்ண்ணா. எங்க அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி அழுதேன்"ன்னான். திட்டியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

விடிகாலையில திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை மொபைல்ல பார்த்துட்டு, நேரா மேனேஜர்கிட்ட போனேன். லைவ் சர்வர்ல கை வைக்கிற உரிமையைக் கொஞ்ச நாள் எடுத்துட்டாங்க. அந்த வருஷ ரேட்டிங்கும் குறைஞ்சுது. ரிப்போர்ட்ல அந்தத் தம்பி பேரை நீக்கி என் பேரைப் போட்டாங்க. அவன் இன்னும் என்கிட்ட பழைய மாதிரி பேசறதில்லை. அது அவன் உரிமை.

"அப்போ எல்லாத் தப்பையும் ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"ன்னு நீங்க கேட்கலாம். தேவையில்லை. படகைத் திறந்தே போட்டாலும் பனியில வீணாத்தான் போகும். சைவம் சொல்ற ஐந்தொழில்ல காத்தலும் இருக்கு, மறைத்தலும் இருக்கு. ஆனா அவன் மறைக்கிறது உயிர் பக்குவப்படுறதுக்காக. நாம மறைக்கிறது பெரும்பாலும் மாட்டிக்காம இருக்கிறதுக்காக. நான் எனக்கு வெச்சுக்கிட்ட அளவு இதுதான்: என் தப்புக்கு வேற யாராவது விலை கொடுத்துக்கிட்டு இருந்தா, அது மூடக் கூடாத ஈரம். அவங்ககிட்ட சொல்லிக் காய வெச்சுட்டுத்தான் மூடணும்.

படகை ரெண்டு நாள் கழிச்சு மூடினோம். முன்பக்கம் முதல்ல, அப்புறம் பின்பக்கம். பனி தேங்கி அழுத்தாம இருக்க நடுவுல ஒரு கம்பு. விண்ட்ஷீல்ட் முனை துணியைக் குத்தாம இருக்கப் பழைய டவல். காத்துப் போக உறையிலேயே சின்னத் திறப்பு இருக்கு, அதை அடைச்சுடாதேன்னார். கடைசி ஸ்ட்ராப்பை இறுக்கிட்டு, "இனி பனி எவ்வளவு வேணா வரட்டும்"னார்.

முருகன் படத்துக்குக் கீழே "யாமிருக்க பயமேன்"னு போட்டிருக்குமே, அதை நீ மாட்டிக்க மாட்டேங்கிற உத்தரவாதமாத்தான் இவ்வளவு நாள் படிச்சிருக்கேன். இப்போ வேற மாதிரி கேட்குது. நான் இருக்கேன், பயப்படாம உண்மையைச் சொல்லுன்னு.

இன்னைக்குக் கவசம் படிக்க உட்காரும்போது, முதல் வரிக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உள்ளே தொட்டுப் பாருங்க. காஞ்சிருக்கா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!