வரிசையா, அளவா?

பிள்ளைகளின் அறிவை எளிதிலிருந்து கடினம் நோக்கிச் செல்லும் கேள்விகளால் சோதித்துப் பார்க்கும் முறை 1905-இல் பாரிஸ் நகரில் பிறந்தது. அதற்குக் காரணம் ஒரு சட்டம். பிரான்ஸ் 1882-இல் 6 முதல் 13 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பெல்லாம் படிப்பு ஏறாத பிள்ளை வயலுக்கோ பட்டறைக்கோ போய்விடும். அதைப் பற்றிப் பள்ளிக்கூடம் கவலைப்பட வேண்டியதில்லை. சட்டம் வந்தபின் அந்தப் பிள்ளையும் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அதற்கு என்ன செய்வது என்று ஆராய 1904-இல் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே. அவரும் தெயோதோர் சிமோன் என்ற இளம் மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் முதல் சோதனை.

பழைய ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. பவணந்தியாரின் நன்னூல் மாணாக்கரை மூவகையாகப் பிரிக்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் போன்றவர் முதல் வகை. உழைப்புக்குத் தக்க விளைச்சல் தரும் நிலமும், சொன்னதைச் சொல்லும் கிளியும் போன்றவர் இடை வகை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை ஆகியவை போன்றவர் கடை வகை. எண் எதுவும் இல்லை. கேட்டதைக் கொண்டு ஒருவன் என்ன செய்கிறான் என்பதே அளவுகோல். ஆனால் அதே நூல், பாடம் சொல்லக்கூடாதவர் பட்டியலையும் தருகிறது. அதில் சோம்பியிருப்பவனும் உண்டு, நோயாளியும் உண்டு, மந்தனும் உண்டு. நன்னூலின் ஆசிரியர் அவர்களைத் திருப்பி அனுப்பலாம். கட்டாயக் கல்வியை ஏற்றுக்கொண்ட அரசு அப்படி அனுப்ப முடியாது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்திருப்பதும் இதே வாக்குறுதிதான். மந்தன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கும் கற்பிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்தே சோதனை பிறந்தது. இந்தப் பிறப்பை மறந்தால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

1905-ஆம் ஆண்டுச் சோதனையில் 30 படிகள் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது முதல் படி. பொருள்களின் பெயரைச் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது என்று ஏறி, நுண்பொருள் சொற்களுக்கிடையே வேறுபாடு சொல்வதில் அது முடிந்தது. 1908-இல் வந்த திருத்தத்தில் இன்ன வயதுப் பிள்ளைக்கு இன்ன கேள்வி என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள். ஆனால் பினே தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்தார். ஒரு கோட்டின் நீளத்தை அளப்பது போல இந்தச் சோதனை அறிவை அளக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கக்கூடிய பொருளல்ல அறிவு. இது தருவது ஒரு வரிசை மட்டுமே என்றார் அவர்.

இந்த வேறுபாடு சொல் விளையாட்டல்ல. இரண்டு முழக் கயிற்றோடு மூன்று முழக் கயிற்றை முடிச்சிட்டால் ஐந்து முழம் வரும் (முடிச்சுக்குப் போனது தவிர). நூறு மதிப்பெண் எடுத்த பிள்ளையிடம் ஐம்பது எடுத்த பிள்ளையைப் போல இரு மடங்கு அறிவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? 60-க்கும் 70-க்கும் உள்ள இடைவெளி, 110-க்கும் 120-க்கும் உள்ள இடைவெளிக்குச் சமமா? அக உணர்வுக்குக் கணிதத்தைப் பொருத்த முடியாது, ஆகவே உளவியல் முழுமையான இயற்கை அறிவியலாக முடியாது என்று 1786-இலேயே இம்மானுவேல் காண்ட் வாதிட்டார். 1860-இல் குஸ்தாவ் ஃபெக்னர் புலனுணர்வை எண்ணால் குறிக்கலாம் என்று காட்ட முயன்றார். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. அது கோட்பாட்டு நூல்களோடு நின்றுவிடாமல் பள்ளி அலுவலகம் வரை வந்து சேர்ந்தது பிள்ளைகளின் தேர்வுத்தாள் வழியாகத்தான்.

சோதனையை ஆதரிப்போர் தரும் வலுவான பதில் வெப்பமானி. சூடு, குளிர்ச்சி என்பதும் ஒரு காலத்தில் வெறும் வரிசைதான். கையால் தொட்டு, இது அதைவிடச் சூடு என்று மட்டுமே சொல்ல முடிந்தது. பிறகு கருவி வந்தது, கோட்பாடு வந்தது, வரிசை அளவாயிற்று. அறிவுக்கும் அப்படி ஏன் நடக்கக்கூடாது? நியாயமான கேள்வி. ஆனால் பாதரசம் விரிவதையும் காற்று விரிவதையும் பனி உருகுவதையும் தனித்தனியே பார்த்து, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடிந்தது. அறிவுச் சோதனையின் அலகு அப்படி வெளியிலிருந்து கிடைப்பதில்லை. அது பிள்ளைகளின் கூட்டத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. இன்று பரவலாக உள்ள வெக்ஸ்லர் சோதனையில் அந்தந்த வயதினரின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். திட்ட விலக்கம் 15. ஆகவே நூறில் ஏறத்தாழ 68 பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். அப்படி வரும்படி அமைக்கப்பட்டதே அந்த எண். 85 என்பது பிள்ளையின் தலைக்குள் இருக்கும் ஏதோ ஒன்றின் அளவன்று, கூட்டத்தில் அது நிற்கும் இடம்.

கூட்டம் நகர்ந்தால் இடமும் நகரும். நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிளின் 1987-இல் 14 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார். ஒரே தலைமுறையில் மதிப்பெண்கள் 5 முதல் 25 புள்ளிகள் வரை ஏறியிருந்தன. அப்பாக்களைவிடப் பிள்ளைகள் அவ்வளவு அறிவாளிகள் ஆகிவிட்டார்கள் என்று ஃபிளினே நம்பவில்லை. விளைவு நடைமுறையில் பெரியது: பழைய சராசரியோடு ஒப்பிட்டால் அறிவுக்குறை எல்லைக்கு மேலே நிற்கும் பிள்ளை, புதிய சராசரியோடு ஒப்பிட்டால் கீழே விழும். பிள்ளை மாறவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் மாறினார்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த மதிப்பெண்கள் வெறும் கற்பனையல்ல. ஒருவகைச் சோதனையில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் மற்றவகைச் சோதனைகளிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்பதை உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இலேயே காட்டினார். பள்ளிப் படிப்பில் யார் திணறுவார் என்பதை மதிப்பெண்கள் ஓரளவு முன்கூட்டிச் சொல்கின்றன. பல திறன்கள் சேர்ந்தே ஏறி இறங்குவது உண்மை. அவற்றின் பின்னால் ‘பொது அறிவாற்றல்’ என்ற ஒரே பொருள் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த உண்மையிலிருந்து தானாக வந்துவிடாது. பெயர் வைத்ததாலேயே பொருள் உண்டாகிவிடாது என்பது மெய்யியலின் பழைய பாடம்.

வரிசை பொருளான கதை மிக விரைவாக நடந்தது. 1912-இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், பிள்ளை எந்த வயதுக் கேள்விகள் வரை விடை சொல்கிறது என்பதைக் காட்டும் மன வயதை அதன் கால வயதால் வகுக்கலாம் என்றார். 1916-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் அந்த ஈவை நூறால் பெருக்கினார். எட்டு வயதுப் பிள்ளையின் மன வயது ஆறு என்றால் நுண்ணறிவு ஈவு 75. முதலில் அது பிள்ளை அன்றைக்குச் செய்ததைப் பற்றிய குறிப்பு. வகுத்துப் பெருக்கியதும் பிள்ளைக்கே உரிய குணம்போல ஆயிற்று. சோதனையை 1908-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஹென்றி காடர்ட், அறிவுக்குறை பரம்பரையாக வருவது, மாறாதது என்று நம்பினார்.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுவிட்டது என்பதற்கு வர்ஜீனியாவின் கேரி பக் வழக்கு சாட்சி. அறிவுக்குறை உள்ளவர் என்று முத்திரை குத்தப்பட்ட அந்த இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையிலும் குறை இருப்பதாகச் சொல்லப்பட்டது. முதல் விசாரணையின்போது பேத்தி விவியன் கைக்குழந்தை. சமூகப் பணியாளர் ஒருவர் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தை சரியாக இல்லை என்று சாட்சி சொன்னார். விவியன் பிறகு பள்ளிக்குப் போனாள். 1931-இல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மறு ஆண்டு எட்டு வயதில் நோயால் இறந்தாள். தீர்ப்பு அப்படியே நின்றது.

எண்ணின் தன்மை ஒரு கேள்வி என்றால், எண்ணைத் தரும் வினாவின் தன்மை இன்னொரு கேள்வி. 1931, 1932 ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பனி சூழ்ந்த வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை; இன்ன தீவு வடகோடியில் இருக்கிறது; அங்கே கரடி என்ன நிறம் என்று எழுத்தறியாத உழவர்களிடம் கேட்டார். நான் பார்த்தது கறுப்புக் கரடி, பார்க்காததைப் பற்றிப் பேசமாட்டேன் என்ற வகையில் பதில் வந்தது. இதைத் தருக்க அறிவு இல்லாமை என்று குறித்துக்கொள்ளலாம். தெரியாததைச் சாட்சி சொல்ல மறுக்கும் ஒருவரின் நேர்மை என்றும் கொள்ளலாம். தான் அறியாததைப் பிறர் சொல்லுக்காக உண்மை என்று வைத்துக்கொண்டு விடை தருவது பள்ளிக்கூடம் கற்றுத்தரும் பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் சோதனை அறிவை அளக்காமல் பள்ளியோடு உள்ள உறவை அளக்கிறது. கலிஃபோர்னியாவில் 1979-இல் இதே காரணம் நீதிமன்றத்தில் வென்றது: கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனையின் பேரில் அறிவுக்குறை வகுப்புகளில் போடுவது பாகுபாடு என்று லாரி பி. வழக்கில் கூட்டரசு நீதிபதி தீர்ப்பளித்தார்.

இந்தியாவில் வி. வி. காமத் பினேயின் சோதனையைக் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். பினே-காமத் சோதனை இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது. மொழியின் பங்கு வாசிப்புச் சோதனையில் இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழில் ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘கெ’ என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளை தடுமாறும் இடம் வேறு, தமிழ் படிக்கும் பிள்ளை தடுமாறும் இடம் வேறு. தமிழ்வழிப் பிள்ளையை ஆங்கில வாசிப்புத் தாளால் சோதித்து, கற்றல் குறைபாடு என்று எழுதுவது பிழையான மருத்துவம்.

சோதனை எதைக் கேட்கத் தவறுகிறது என்பதை மிகத் தெளிவாகக் கண்டவர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் மன வயது எட்டு. தொடக்கத்தைக் காட்டிக் கொடுத்து, ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்து உதவிசெய்தால் ஒரு பிள்ளை ஒன்பது வயதுக் கணக்கு வரை போகிறது, மற்றது பன்னிரண்டு வயதுக் கணக்கு வரை போகிறது. இருவருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? தனித்துச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்க்கச் சொன்னார் அவர். இந்த இடத்தில் நன்னூலின் நிலத்தை நினைக்கலாம்: உழுபவரைச் சொல்லாமல் நிலத்தின் விளைச்சலைச் சொல்ல முடியாது. பிள்ளையின் மதிப்பெண்ணில் கற்பித்தவரின் பங்கும் இருக்கிறது. அறிக்கையில் அவருக்குக் கட்டம் இல்லை.

ஆயினும் பெயர் சூட்டுவதே தவறு என்று முடிவுகட்டுவது கொடுமையில் போய் முடியும். 1896-இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கண்ணும் புத்தியும் நன்றாக இருந்தன. எழுத்துகளைக் கூட்டிப் படிக்க மட்டும் வரவில்லை. எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். பிற்காலத்தில் டிஸ்லெக்சியா எனப்பட்ட நிலை அது. மக்கு, சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று ஆண்டுக்கணக்கில் கேட்ட பிள்ளைக்கு, இது உன் குற்றமல்ல என்று சொல்லும் ஒரு தாள் கிடைப்பது சிறிய காரியமல்ல. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 நிலைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைப்பது அந்தப் பெயரால்தான்.

பெயரின் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கனடா நாட்டு மெய்யியலாளர் இயான் ஹாக்கிங் விளக்கியதுபோல, மனிதர்களை வகைப்படுத்தினால் அந்த வகை அவர்களையே மாற்றுகிறது. கல்லுக்கு என்ன பெயர் வைத்தாலும் கல் கேட்பதில்லை. பதினைந்து வயதுப் பெண் தன்னைப் பற்றிய அறிக்கையைப் படிப்பாள். ‘சராசரிக்குக் கீழ்’ என்ற சொல்லின் வழியே தன்னைப் பார்ப்பாள். கடினமான பாடத்தை முயலாமலே விடுவாள். அடுத்த சோதனையில் மதிப்பெண் இறங்கும். 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் எதிலும் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம் என்கிறது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. எதற்காகச் சோதிக்கிறார்கள், முடிவு யார் கைக்குப் போகும் என்று வளரிளம் வயதினரிடம் முன்கூட்டிச் சொல்வது மரியாதைக்காக மட்டுமல்ல, அது அவர்களின் உரிமை.

பினே 1909-இல் எழுதிய நூலில், அறிவு ஒரு மாறாத அளவு என்று சொல்வோரைக் கடுமையாக எதிர்த்தார். சிறப்பு வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பயிற்சிகளை வகுத்தார்: சிலைபோல அசையாமல் நிற்கும் விளையாட்டு, சற்று நேரம் மட்டும் காட்டி மறைத்த அட்டையில் என்னென்ன இருந்தன என்று சொல்லும் விளையாட்டு. கவனமும் நினைவும் வளரும் என்பதே அவற்றின் அடிப்படை. 1911-இல் அவர் இறந்தார். அவருடைய சோதனை நாடு நாடாகப் போயிற்று. பயிற்சிகள் கூடவே போகவில்லை. மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோரும் ஆசிரியரும் முதல் பக்கத்து எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை எந்தக் கேள்வியில் நின்றது, உதவி செய்தபோது எதுவரை போயிற்று, நாளை முதல் யார் எதைக் கற்றுத்தரப் போகிறார் என்ற மூன்றையும் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, பதிலோடு கேட்டு வாங்குங்கள்.