தோல்வி வந்தால் தோலைப் பேசும் நாவு

(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்புச் சகோதரர்களே, பின் வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் என் அருமைத் தம்பிகளே! 

இன்றைக்கு விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மிம்பரில் நின்று பேசுகிற விஷயமா இது என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். நம் மஹல்லாவில் ஒரு பையன் மூன்று வாரமாக மஃரிபுக்கு வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு கால்பந்து ஆட்டம். அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

அஸர் தொழுதுவிட்டு நம் பிள்ளைகள் பந்து விளையாடப் போவார்கள். மஃரிப் பாங்கு சொன்னதும் வேர்வையோடு ஓடி வந்து ஒளூ செய்வார்கள். எனக்கு அது சந்தோஷம்தான். பக்கத்து ஏரியா பையன்களோடு ஓர் ஆட்டம். கடைசி நேரத்தில் நம் கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டான், நம் பிள்ளைகள் தோற்றார்கள். அந்தப் பையன் கொஞ்சம் கறுப்பு. மைதானத்திலிருந்து பள்ளிவாசல் வாசல் வரைக்கும் அவனைத் "தார் டின்னு, தார் டின்னு" என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அவன் படத்தோடு அதே பேர். எதிரணிப் பையன்கள் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நம் பிள்ளைகள், இதே ஸஃப்பில் அவனோடு தோளோடு தோள் நின்று தொழுகிறவர்கள்.

நான் விசாரித்தபோது ஒரு தம்பி சொன்னான்: "ஹஜ்ரத், தோத்த கடுப்புல சொன்னோம். மனசுல ஒண்ணும் இல்ல."

இந்த "தோத்த கடுப்பு" என்பதை முதலில் பார்ப்போம். தோற்றால் வருத்தம் வருவது பாவமில்லை. 2025 ஐபிஎல்லில் சென்னை அணி 14 ஆட்டத்தில் 4 மட்டும் ஜெயித்து, வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. அந்த மாதங்களில் டீக்கடையில் நம்மவர்கள் உட்கார்ந்திருந்த கோலத்தை நானே பார்த்தேன். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஒருவரிடம் நலம்கூட விசாரித்துவிட்டேன்!

நபித்தோழர்களுக்கும் இந்த வருத்தம் வந்திருக்கிறது. அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்து, புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்று ஓர் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமப்புறத்து அரபி ஒருவர் தன் இளம் ஒட்டகத்தில் வந்தார், அள்பாவை முந்திவிட்டார். தோழர்களுக்குத் தாங்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தே நபியவர்கள் அதைக் கண்டுகொள்ளும் அளவுக்கு வருத்தம். அப்போது நபியவர்கள், இவ்வுலகில் எது உயர்ந்தாலும் அதை ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தைச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒட்டகத்தைக் குறை சொல்லவில்லை, ஓட்டியவரைத் திட்டவில்லை. ஜெயித்த அந்தக் கிராமத்து மனிதரை "இவனெல்லாம் நம்மை முந்துவதா" என்று யாரும் கேட்டதாகவும் அந்த அறிவிப்பில் இல்லை.

தோல்வி அல்லாஹ்வின் நியதி என்று ஏற்றுக்கொள்கிறவன் பலியாடு தேட மாட்டான். ஏற்றுக்கொள்ளாதவனுக்கு ஓர் ஆள் வேண்டும். அப்படித் தேடும்போது அவன் கை எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

2021-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதத்துக்குள் மூன்று சம்பவங்கள். ஜூலை 11, லண்டன் வெம்ப்ளி மைதானம், யூரோ கோப்பை இறுதி ஆட்டம். பெனால்டியில் இத்தாலியிடம் இங்கிலாந்து தோற்றது. பந்தைத் தவறவிட்ட மூவர் ராஷ்போர்டு, சாஞ்சோ, சாக்கா. மூவரும் கறுப்பினத்தவர். சாக்காவுக்கு வயது 19. அன்று இரவே அவர்களுடைய பக்கங்களில் குரங்குப் படங்களாக வந்து குவிந்தன.

ஆகஸ்ட் 4, டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் ஹாக்கி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் நம் நாடு தோற்றது. ஹரித்வார் பக்கத்தில் ஒரு கிராமம், அங்கே வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் சிலர் வந்து பட்டாசு வெடித்து, ஆட்டம் போட்டு, சாதியைச் சொல்லித் திட்டியதாகக் குடும்பத்தார் போலீஸில் புகார் கொடுத்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் அந்தப் பெண் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டிருந்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் அவர்.

அக்டோபர் 24, துபாய். இது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோல்வி. முகமது ஷமி 3.5 ஓவரில் 43 ரன் கொடுத்தார். அன்றைக்கு நம் பந்துவீச்சாளர் யாருக்குமே ஒரு விக்கெட்கூட விழவில்லை. ஆனால் துரோகி என்ற பேர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஆறு நாள் கழித்து கேப்டன் கோலி பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து, மதத்தைச் சொல்லி ஒருவரைத் தாக்குவதை மிகக் கேவலமான செயல் என்று கண்டித்தார். அதற்காக அவருடைய கைக்குழந்தைக்கே மிரட்டல் விட்டார்கள். நமக்காகப் பேசிய அந்த மனிதருக்கு அல்லாஹ் நல்வழி காட்டட்டும்.

அந்த வாரம் நாம் எப்படித் துடித்தோம்! தொழுது முடித்து வெளியே நின்று பேசிய பேச்செல்லாம் அதுதான். துடித்தது நியாயம். ஆனால் நியாயத்தைப் பாதியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, சகோதரர்களே.

2024 மார்ச் மாதம் கேரளாவில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில், அரீக்கோடு பக்கம் ஒரு செவன்ஸ் கால்பந்து ஆட்டம். அணிக்கு ஏழு பேர் ஆடும் அந்தப் போட்டிகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைப்பார்கள். அப்படி ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த ஓர் இளைஞரைக் கூட்டம் துரத்தி அடிக்கிற காட்சி எல்லோர் கைபேசிக்கும் வந்தது. தன் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நான் பேர் சொல்லப் போவதில்லை. ஷமிக்காகத் துடித்த நமக்கு அன்றைக்கு ஏன் அதே துடிப்பு வரவில்லை என்று மட்டும் கேட்கிறேன்.

கல் என்றதும் ஒரு ஹதீஸ் ஞாபகம் வருகிறது. அபீசீனியர்கள், கறுப்பு நிற மக்கள், மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாடினார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்களும் நபியவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று, போதும் போதும் என்று சலிக்கும்வரை பார்த்தார்கள். அப்போது உள்ளே வந்த உமர் (ரழி) அவர்கள் குனிந்து பொடிக்கற்களை எடுத்து விளையாடியவர்கள் மீது வீசினார்கள். நிறத்துக்காக அல்ல. நபியவர்கள் முன்னிலையில் இது அடக்கமில்லாத செயல் என்று எண்ணித்தான். அதைக்கூட நபியவர்கள் அனுமதிக்கவில்லை, அவர்களை விட்டுவிடும்படி உமரிடம் சொன்னார்கள். விளையாடியவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? பனூ அர்ஃபிதா என்று. அவர்களுடைய மூதாதையரின் பேர், குலப் பேர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அவர்கள் பெருமையாக நினைக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தொடர்ந்து விளையாடுங்கள் என்று உற்சாகப்படுத்தினார்கள்.

நாம் பேர் வைக்கிற லட்சணத்துக்கு வருவோம். தமிழ் பேசுகிற வீட்டில் கருவாயன், காக்கா. உருது பேசுகிற வீட்டில் காலியா, கல்லு. கேட்டால், "பாசமாகத்தான் கூப்பிடுகிறோம்." மேற்கிந்தியத் தீவுகளுக்கு இரண்டு முறை டி20 உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் டேரன் சாமி ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியவர். அங்கே தன்னைக் "காலு" என்று கூப்பிட்டார்கள், பலசாலி என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று 2020-இல் சொன்னார். பல வருஷம் கழித்துத்தான் அர்த்தம் தெரிந்தது. நம் தமிழ்நாட்டு அபினவ் முகுந்த், இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர், சென்னைப் பிள்ளை. 2017 ஆகஸ்டில் ஒரு கடிதம் வெளியிட்டார். 15 வயதிலிருந்து நாடு முழுக்கப் போய் ஆடுகிறேன், என் தோல் நிறத்தில் ஜனங்களுக்கு என்ன அக்கறை என்று எனக்கு இன்னும் புரியவில்லை என்ற பொருளில் எழுதியிருந்தார். வெயிலில் நின்று ஆடினேன், கறுத்தேன், அதற்கு வருந்தவில்லை என்றும் சொன்னார். பத்து வருஷத்துக்கும் மேல் ஒருவர் மனதுக்குள் வைத்திருந்த வலி அது. பாசமாகக் கூப்பிட்டவர்களுக்கு அது தெரியவா போகிறது?

ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனத்தை வீட்டுக்குப் போய் எடுத்து ஓதிப் பாருங்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹ் அதிலே தடுக்கிறான். கோபத்தில் சூட்டினால் தவறு, பாசத்தில் சூட்டினால் பரவாயில்லை என்ற விலக்கு அங்கே இல்லை. பட்டப்பெயர் யாருடையதோ, அது பிடித்திருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியது அவர்தான்.

"மனசுல ஒண்ணும் இல்ல" என்று அந்தத் தம்பி சொன்னானே, அதற்கு அபூதர் (ரழி) அவர்களின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. ஆரம்ப கால முஸ்லிம்களில் ஒருவர். ஏழைகளுக்காகக் கடைசிவரை குரல் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் ஒரு சண்டையில், கோபத்தில், ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார். புகாரியில் அந்த நபரின் பேர் இல்லை. பிலால் (ரழி) அவர்கள்தான் என்றும், கறுப்புத் தாயின் மகனே என்று சொன்னார் என்றும் வேறு அறிவிப்புகளில் வருகிறது. விஷயம் நபியவர்களிடம் போனது. கடுப்பில் சொன்னார், மனசில் ஒன்றும் இல்லை என்று நபியவர்கள் விட்டுவிடவில்லை. உம்மிடத்தில் ஜாஹிலிய்யா, அந்த அறியாமைக் காலத்தின் குணம், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அபூதரைப் பார்த்தே சொன்னார்கள். கோபம் அதைப் புதிதாக உண்டாக்கவில்லை. உள்ளே கிடந்ததை மேலே கொண்டுவந்தது.

அபூதர் அவர்கள் தன் கன்னத்தைத் தரையில் வைத்துப் பிலாலை மிதிக்கச் சொன்னதாக மேடைகளில் சொல்வார்கள். அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று அறிஞர்கள் சொல்வதால் நான் அதை எடுக்கவில்லை. புகாரியில் இருப்பதே நமக்குப் போதும். பல வருஷம் கழித்து மஃரூர் என்பவர் ரபதா என்ற இடத்தில் அபூதரைப் பார்க்கிறார். அவர் உடுத்தியிருக்கும் உடையைப் போலவே அவருடைய பணியாளரும் உடுத்தியிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்கிறார். அப்போதுதான் அபூதர் தான் செய்த அந்தத் தவற்றைத் தன் வாயாலேயே சொல்கிறார். கோபத்தில் வந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் ஆயுள் முழுக்கத் தன் உடுப்பை மாற்றிக்கொண்டார்.

பிள்ளைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவர்கள் இதை எங்கே கற்றார்கள்? நிக்காஹ் பேசப் போகும் வீட்டில் நாம் கேட்கிற முதல் கேள்வியே "பொண்ணு கலரா இருக்குமா?" ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர் வழி கேட்டால் கடையை விட்டு இறங்கி வந்து காட்டுகிறோம். ஆப்பிரிக்க நாட்டுக்காரர் ஒருவர் வந்தால் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறோம். கிரிவலத்துக்கு எத்தனை மாநிலத்திலிருந்து, எத்தனை நிறத்தில் மனிதர்கள் வருகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் நம் கண் பழகவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

தவறு செய்தவரிடம் எப்படி நடப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. உஹதில் வில்வீரர்கள் இடத்தை விட்டு இறங்கியதால் எழுபது பேர் ஷஹீதானார்கள். அது விளையாட்டு இல்லை, போர். ஆனாலும் ஆலு இம்ரான் 159-வது வசனத்தில் அல்லாஹ் நபியவர்களுக்குச் சொன்னது, அவர்களை மன்னிக்கும்படியும், அவர்களோடு ஆலோசனை செய்யும்படியும். அதாவது திரும்பக் கூட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளும்படி. நம் பையன் விட்டது ஒரு பந்து.

அவனுடைய அத்தாவை நேற்று பார்த்தேன். "ஹஜ்ரத், அவன் கண்ணாடி முன்னால நின்னு முகத்துல பவுடர் பூசிக்கிட்டே இருக்கான்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எனக்கும் பதில் வரவில்லை.

தம்பிகளே, அந்த ஸ்டேட்டஸைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அஸர் முடிந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். வருகிறவர்கள் என்னோடு வரலாம். கதவைத் தட்டுவது நீங்கள், நான் பின்னால் நிற்பேன். பந்தையும் கையோடு எடுத்து வாருங்கள். அவனைக் கூப்பிடும்போது அவனுடைய அத்தாவும் அம்மாவும் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் நாவுகளைப் பாதுகாப்பாயாக. எங்களால் மனம் உடைந்த அந்தப் பிள்ளைக்கு ஆறுதலைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.