நினைவென்னும் வாயிற்காவலன்

இந்நாளில் பெங்களூர் நகரத்தில் 'மைண்ட்புல்னஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேளாதார் அரியர். கணினி நிறுவனங்களில் பணியாளரின் மனச்சோர்வு நீங்க அப்பெயரால் பயிற்சி தரப்படுகிறது; கைப்பேசியிலும் அதற்கான செயலிகள் உள. கண்மூடி மூச்சைக் கவனித்து, மனத்தில் எழுவதை நல்லது தீயது எனத் தீர்ப்பிடாமல் இக்கணத்தில் இருத்தலே அங்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது. எட்டங்க மார்க்கத்தின் ஏழாம் அங்கம் இதுவன்றோ என்று நம் அன்பர் சிலர் மகிழ்கின்றனர். மகிழ்க, ஆயினும் அச்சொல்லை ஒருமுறை உரைகல்லில் இட்டுப் பார்த்தல் நலம்.

பாளியில் 'ஸதி', வடமொழியில் 'ஸ்மிருதி'. இரண்டிற்கும் முதற்பொருள் நினைவு. இலங்கையில் ஆட்சிப் பணி செய்த ரீஸ் டேவிட்ஸ் என்னும் அறிஞர், 1881-ல் வெளியிட்ட சூத்திர மொழிபெயர்ப்பில் இதற்கு 'மைண்ட்புல்னஸ்' என்பதை ஆண்டார். அஃது அவர் புதிதாய்ப் படைத்த சொல்லன்று. பழைய ஆங்கிலத்தில் 'மைண்ட்' என்பதன் முன்வடிவம் நினைவையே குறித்தது. இன்றும் நினைவூட்டுதலை ஆங்கிலேயர் 'ரிமைண்ட்' என்கின்றனர். 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் எட்டாம் சங்கீதத்தில், கடவுள் மனிதனை நினைத்தலைக் குறிக்க வந்ததும் 'மைண்ட்புல்' என்னும் சொல்லே. ஆகவே ரீஸ் டேவிட்ஸ் தேர்ந்தது பழுதற்ற சொல். பின்வந்தோர் நாவில் அதன் நினைவுப் பொருள் தேய்ந்தது. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய பயிற்சி, தீரா நோவால் வருந்தினோர்க்கு ஆறுதல் தந்தது. அதனை இகழ்தல் நம் கருத்தன்று. ஆனால் அது உலகெங்கும் பரவப் பரவ, தீர்ப்பிடாத கவனம் என்பதே சொல்லின் பொருளாய் நின்றுவிட்டது.

தமிழர்க்கு இம்மயக்கம் வேண்டுவதில்லை. ஏழாம் அங்கத்தை நாம் 'நற்கடைப்பிடி' என்கிறோம். கடைப்பிடி யாது? இறையனார் களவியல் உரை, ஆடவர்க்குரிய குணங்கள் நான்கனுள் ஒன்றாக அதனை வைத்து, கொண்ட பொருளை மறவாதிருத்தலே அது என்று விளக்குகிறது. வள்ளுவர் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பொச்சாப்பு என்பது மறதியன்றி வேறென்ன?

அங்குத்தர நிகாயத்தில் பகவான் ஸதியை எல்லைப்புற நகரத்தின் வாயிற்காவலனுக்கு ஒப்பிடுகிறார். அவன் அறிந்தவரை உள்ளே விடுவான், அறியாதவரைத் தடுப்பான். அவ்விடத்திலேயே, நெடுநாள் முன் செய்ததையும் சொன்னதையும் நினைவுகூர்தல் ஸதியுடையான் இலக்கணமாகக் கூறப்படுகிறது. முகங்களை மறந்த காவலன் எவ்வளவு விழிப்பாய் நின்றாலும் யாரைத் தடுப்பான்? வருவோரையெல்லாம் அமைதியாய்ப் பார்த்துக்கொண்டிருப்பான். கள்வனும் அவன் முன்னே நுழைவான்.

பொய்க்கணக்கு எழுதுவோனும் முழுக் கவனத்தோடுதான் எழுதுகிறான். கவனம் பிசகினால் அகப்பட்டுவிடுவான். அதனாலன்றோ அபிதம்மம், கவனமாகிய 'மனஸிகார'த்தை எல்லாச் சித்தங்களுக்கும் பொதுவென வைத்து, ஸதியை அழகிய சித்தங்களுக்கே உரியதாக்கிற்று! பொய்யுரையேன் என்று தான் ஏற்ற சீலம், எழுதுகோலை எடுக்கும் அப்பொழுதில் ஒருவன் நினைவுக்கு வருமாயின், அதுவே ஸதி. வாராதாயின், அவன் எத்தனை நாழிகை மூச்சைக் கவனித்து எழுந்தவனாயினும் பயனில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். மஜ்ஜிம நிகாயத்துப் பத்தேகரத்த சூத்திரம், கழிந்ததன் பின்னே ஓடாதே என்கிறதே. நினைவு எங்ஙனம் அறமாகும்? கழிந்ததை எண்ணி ஏங்குதல் வேறு, கற்றதை மறவாமை வேறு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவியதும், 1907 முதல் இதழ் நடத்தியதும், தமிழர் மறந்த பௌத்தத்தை நினைவூட்டவே. அது பழம்பெருமை பேசிப் பொழுது போக்குதற்கன்று; சாதியற்ற ஒழுக்கத்தை அன்றே தொடங்குதற்கு. அவர் காலத்துத் தமிழ்ப் பௌத்தர் கோலார்த் தங்கவயலிலும் பெங்களூரிலும் கூடியதும் அதன்பொருட்டே.

மூச்சைக் கவனிக்க அமர்ந்தோர் யாவரும் ஒன்றை அறிவர். சிறிது நேரத்தில் மனம் கடைவீதிக்கோ, வீட்டுக் கடனுக்கோ போய்விடும். போனது அப்போது தெரிவதில்லை. பிறகு திடீரென, 'நான் மூச்சையன்றோ கவனிக்க அமர்ந்தேன்' என்று தோன்றும். அக்கணத்தில் நம்மை மீட்டுக் கொணர்வது எதுவென்று, அடுத்த முறை அமரும்போது அன்பர்கள் தாமே பார்த்துக்கொள்ளலாம்.