குண்டு விழும் இடம்

செட்டிகுளம் மலைக்கோயில் முருகன் கையில் இருப்பது கரும்பு. அந்த மலையடியில் சின்ன வெங்காயம் போடும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பட்டாளத்துக்குப் போய்ப் பீரங்கிப் படையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளத்துக்குப் போனவர். கொல்லும் ஆசையில் போனவரல்லர். போர் வந்தால் அவர் கை கொல்கிறது, கண் பார்ப்பதில்லை. அந்தச் சாவில் அவர் பங்கு எவ்வளவு?

பீரங்கியில் சுடுவது ஒருவர் வேலையல்ல. முன்னால் ஒளிந்திருக்கும் ஒருவர் இலக்கைச் சொல்வார். பின்னால் ஒருவர் தூரமும் கோணமும் கணக்கிடுவார். ஒருவர் குழலைத் திருப்ப, இன்னொருவர் 43 கிலோ குண்டை ஏற்றுவார். ‘என் வேலை இவ்வளவுதான்’ என்று எவரும் சொல்லலாம். ஆனால் மகளிர் குழுக் கடனில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியும்: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டியாக வேண்டும். பொறுப்பும் அப்படித்தான்.

1999 கார்கில் போரில் முழங்கியவை போஃபர்ஸ் பீரங்கிகள். தோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் நம் காலாட்படை ஏற ஏற, அவர்களுக்குச் சற்று மேலே குண்டுகள் விழ வேண்டியிருந்தது. கோணம் கொஞ்சம் பிசகினால் சாவது நம் ஆள். பீரங்கிக்காரரின் அறம் முதலில் துல்லியத்தில்தான் இருக்கிறது. அதை எந்த மேடையும் பாராட்டுவதில்லை.

கார்கில் எளிய வழக்கு: சொந்த மண், ஊரில்லாச் சிகரங்கள். இலக்கு ஓர் ஊராக இருந்தால்? புறநானூற்றின் 9ஆம் பாடலில் நெட்டிமையார் புகழும் பாண்டியன் முதுகுடுமி, அம்பு விடுமுன் பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் அரண் தேடச் சொல்கிறான். அம்பு போகும் தூரத்துக்குக் குரலும் ஓரளவு போகும். 20 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுபவர் யாரை எச்சரிப்பார்? எச்சரிக்கும் கடமை இலக்கைத் தேர்ந்தவருக்கும், போருக்கு உத்தரவிட்ட அரசுக்கும், அதற்கு ஓட்டுப் போட்ட நமக்கும் வந்து சேர்கிறது. நம் பங்கை யாரும் கேட்பதில்லை என்பது நமக்கு வசதி.

அதற்காகப் பீரங்கிக்காரரை முழுதாக விடுவிக்கவும் முடியாது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் கீழ்ப்படியாமைக்குத் தண்டனை வைத்திருப்பது சட்டப்படியான உத்தரவை மீறினால்தான். ஊரென்று தெரிந்தால் அவர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் அவர் கைக்கு ஊரின் பெயர் வருவதில்லை, எண்கள்தாம் வருகின்றன.

விடுப்பில் வந்தவரிடம் டீக்கடையில் கேட்பார்கள்: “எத்தனை பேரைச் சுட்ட?” தெரியாது என்பார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.