வேண்டுமென்றே தோற்பவன்

பொய் என்பது நாவினால் மட்டும் சொல்லப்படுவதா? ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு வரியும் எழுதாமல் ஒருவன் பொய் சொல்ல முடியுமா? இது மத்ரஸாவில் கிதாபு ஓதுகிறவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையிலிருக்கும் செல்பேசிக்குள்ளேயே இந்தக் கேள்வி ஒளிந்து கிடக்கிறது.

'போகிமான் கோ' என்ற விளையாட்டைப் பிள்ளைகள் நன்கறிவார்கள். பெற்றோரில் பலர் பெயரளவில்தான் அறிவார்கள். 2016-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நியாண்டிக் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டு, அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவுக்கும் வந்தது. தெருவில் நடந்து நடந்து கற்பனைப் பிராணிகளைப் பிடித்துச் சேர்ப்பதே இதன் அடிப்படை. அப்படிச் சேர்த்த பிராணிகளைக் கொண்டு ஒருவரோடு ஒருவர் மோதும் முறை 2018 டிசம்பரில் வந்தது. உலகின் எந்த மூலையிலோ இருக்கும், முன்பின் அறியாத ஒருவரோடு மோதும் 'பேட்டில் லீக்' 2020-இல் தொடங்கிற்று.

இந்த விளையாட்டின் பக்கமே போகலாகாது என்ற உலமாக்கள் உண்டு. சவூதி அரேபியாவின் மார்க்கத் தீர்ப்புக் குழுவினர், அந்நாளில் சீட்டுகளாகவும் படங்களாகவும் பரவியிருந்த போகிமானை 2001-இல் தடுத்தார்கள். அதில் சூதாட்டத்தின் சாயல் இருப்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. 2025-இலோ இவ்விளையாட்டு, சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் கீழிருக்கும் ஸ்கோப்லி என்ற கம்பெனியின் கைக்கு மாறியது. உடைமை கைமாறுவதால் மார்க்கத் தீர்ப்பு மாறிவிடாது. ஆடலாமா, அதற்காகக் காசு செலவழிக்கலாமா என்பதை அவரவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்க. இங்கே நாம் எடுத்துக் கொண்ட கேள்வி வேறு. விளையாடுகிறவன் எப்படி விளையாடுகிறான் என்பதே அது.

முதலில் மோதலின் முறையைப் பார்ப்போம். இரு தரப்பிலும் மும்மூன்று பிராணிகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் களத்தில் நிற்கும். நீர், நெருப்பு, புல் என்று பிராணிகளுக்குப் பல இனங்கள். நீர் நெருப்பை வெல்லும்; நெருப்பு புல்லை வெல்லும்; புல் நீரை வெல்லும். எதிரிக்கு ஆகாத இனத்தின் அடி 1.6 மடங்கு வலுவாக விழும். வலியவன் எளியவனை நசுக்கிவிடாதிருக்கப் பிராணியின் பலத்துக்கு வரம்பும் உண்டு. ஒரு பிரிவில் 1500 புள்ளி, மற்றொன்றில் 2500, மூன்றாவதில் வரம்பில்லை.

சிறுசிறு அடிகள் அடிக்க அடிக்கச் சக்தி சேரும். சேர்ந்த சக்தியைச் செலவிட்டுப் பேரடி அடிக்கலாம். அதைத் தடுக்க ஒவ்வொருவருக்கும் இரண்டே கேடயங்கள். வருகிற பேரடி பெரியதா சிறியதா என்று தெரியுமுன்பே கேடயம் தூக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும். எனவே கெட்டிக்காரன் முதலில் சிறிய பேரடியை ஏவி, எதிரியின் கேடயத்தை வீணாக்குவான். பிறகு பெரியதை ஏவுவான்.

இது ஏமாற்றா? அன்று. இப்படி நடக்கக்கூடும் என்பது இருவருக்கும் தெரியும். இருவருக்கும் அந்த உரிமை உண்டு. போர்க்களத்தில் தந்திரம் உண்டென்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அனுமதித்திருக்கிறார்கள். அகழ்ப் போரின்போது நுஐம் பின் மஸ்ஊத் (ரலி) அவர்கள், எதிரிகளின் கூட்டணிக்குள் ஒருவர் மேல் ஒருவருக்கு ஐயம் உண்டாக்கிப் பிரித்த வரலாற்றை நாம் அறிவோம்.

ஆனால் இதே மார்க்கத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையாரும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷிகளிடம் அகப்பட்டார்கள். போரில் கலந்து கொள்ள மாட்டோம் என்று வாக்களித்த பின்பே விடப்பட்டார்கள். பத்ருக் களமோ காத்திருக்கிறது. முஸ்லிம்களோ சுமார் 313 பேர். ஒவ்வொரு வாளும் தேவை. அப்படியிருந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள், அந்த வாக்கைக் காப்பாற்றும்படி கூறி இருவரையும் போரிலிருந்து விலக்கிவிட்டார்கள். களத்துக்குள் தந்திரம் ஆகும்; களத்துக்கு வெளியே செய்து கொண்ட உடன்பாட்டை, பகைவனிடமாயினும் முறிக்கலாகாது. இந்த இரண்டுக்குமிடையே உள்ள எல்லைக்கோட்டை மனத்தில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

பேட்டில் லீக்கில் ஐந்து போட்டிகள் ஒரு தொகுதி. வெற்றி பெருகப் பரிசும் பெருகும். ஒவ்வொருவருக்கும் ஒரு தர எண் உண்டு. வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். 2000, 2500, 2750, 3000 என்று படிகள் உயர்ந்து கொண்டே போகும். ஏறத்தாழ ஒரே தர எண் உள்ளவர்களையே எதிரெதிரே நிறுத்துவார்கள். சமமானவனோடு சமமானவன் மோத வேண்டும் என்பதே இதன் நோக்கம். பந்தயத்தில் நுழைகிற ஒவ்வொருவரும் வாய் திறவாமலே ஏற்றுக் கொள்ளும் உடன்பாடு இதுதான்.

இங்கேதான் சிலர் ஒரு வழி கண்டார்கள். திறமையுள்ள ஒருவன் தொடர்ந்து வேண்டுமென்றே தோற்பான். போட்டி தொடங்கியதும் விட்டு வெளியேறுவான். தர எண் சரசரவென்று இறங்கும். புதிதாகப் பழகுகிறவர்களின் நடுவே போய் நிற்பான். பிறகு ஐந்துக்கு ஐந்தும் வென்று பரிசுகளை அள்ளுவான். எண் ஏறியதும் மறுபடியும் தோற்கத் தொடங்குவான். எதிரே இருந்தவன் பத்து வயதுச் சிறுவனாக இருக்கலாம். தனக்குச் சமமானவனிடம் தோற்றோம் என்றுதான் அவன் எண்ணிக் கொள்வான்.

"நான் யாரிடமும் பொய் சொல்லவில்லையே!" என்பான் இவன். உண்மைதான், நாவு பொய் சொல்லவில்லை. அவனுடைய தர எண் பொய் சொல்லுகிறது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. குவியல்தான் சொல்லிற்று.

பிக்ஹுக் கலை இதை இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது. குதிரைப் பந்தயத்துக்கு ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, கலந்து கொள்ளும் ஒவ்வொருவரும் முந்துவதற்கு வாய்ப்புள்ளவராக இருக்க வேண்டும் என்பது. நொண்டிக் குதிரையையும் பாய்ந்தோடும் குதிரையையும் சேர்த்து ஓட்டிவிட்டு அதைப் பந்தயம் என்று சொல்ல முடியாது. முடிவு முன்கூட்டியே உறுதியாகிவிட்டால் அங்கே போட்டி இல்லை. பறிப்பு மட்டுமே இருக்கிறது. வேண்டுமென்றே தோற்பவன் தேடிப் போவது இந்த உறுதியைத்தான்.

இன்னொரு சமாதானமும் சொல்லப்படுகிறது. "நான் தோற்ற ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வென்றாரே! ஐந்து பேருக்கு வெற்றி கொடுத்தேன், ஐந்து பேரிடம் எடுத்தேன். கணக்குச் சரியாகிவிட்டதே!" என்பார்கள். கேட்க நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் ஒருவருக்கு அளவு கூட்டிக் கொடுத்த கடைக்காரர், வேறொருவருக்குக் குறைத்து அளந்ததை அதைக் கொண்டு ஈடு செய்ய முடியுமா? குறைவாகப் பெற்றவருடைய ஹக்கு அப்படியே நிற்கும். மேலும், கொடுத்த வெற்றியும் நல்ல வெற்றியன்று. திறமையில்லாமல் கிடைத்த வெற்றி ஒருவனைத் தாங்க முடியாத படியில் ஏற்றிவிட்டு, அடுத்த நாளே கீழே தள்ளும்.

அப்படியானால் வேண்டுமென்றே தோற்பது எல்லாமே குற்றமா? சின்னஞ்சிறு மகனோடு ஓடிப் பிடித்து விளையாடும் வாப்பா, பிள்ளையின் சிரிப்பைக் காணத் தாம் பின்தங்கி ஓடுகிறார். அதில் யாருடைய ஹக்கும் போகவில்லை, அன்புதான் இருக்கிறது. அமல்கள் நிய்யத்தைக் கொண்டே எடை போடப்படுகின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

தோல்வி அத்தனை அஞ்சத்தக்கதா என்றும் சிந்திக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்களின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. பெருமானாரோ, உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழ்த்திக் காட்டுவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தைக் கூறி அவர்களை அமைதிப்படுத்தினார்கள். உண்மையாக உழைத்துத் தோற்றவனுக்கு இந்தப் பாடம் கிடைக்கும். நடித்துத் தோற்றவனுக்குத் தோல்வியின் பணிவும் இல்லை. வெற்றியின் தகுதியும் இல்லை.

கடைசியாக ஒன்று. இந்த மோதலை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. விட்டுப் போனால் தோல்விதான். ஆகவே தொழுகையின் வக்து நெருங்கும் வேளையில் தொடங்காதிருப்பதே நலம் என்று தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அப்படியும் ஒரு பிள்ளை ஆடிக் கொண்டிருக்கும்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. வெல்லப் போகிற ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஒளுச் செய்ய எழுந்து போகிறான் என்று வைத்துக் கொள்வோம். அதே நொடியில் வேறெங்கோ ஒருவன், நாளை எளியவர்களை வெல்வதற்காக ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறான். விளையாட்டின் பதிவில் இருவருக்கும் விழுவது ஒரே மாதிரியான தோல்வி. இரண்டையும் பிரித்தறிய எந்தக் கருவிக்கும் இயலாது. கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டில் அவ்விரண்டும் ஒன்றாகுமா?

காணாத எதிரியிடமும் நேர்மையாக நடக்கும் உள்ளத்தையும், நம்மைக் காண்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற அச்சத்தையும் வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.